லிம் சூ காங் சந்திப்பில் நான் சொன்ன சொல்

1

ஊரில் சிறு பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் போன மாதம் பேசினார். "சிங்கப்பூர்னா எல்லாரும் கட்டடத்தையே எழுதுறாங்க. நீ சைக்கிள் ஓட்டுறவன். சதுப்பு நிலம், கால்வாய், பண்ணை எல்லாம் இருக்குன்னு சொல்வியே, அத எழுதேன்" என்றார். சரி என்றேன். மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் முதல் பத்தியில் நாரைகள் வந்தன, அலையாத்தி மரங்கள் வந்தன, இரண்டாம் பத்தியில் தவமணி வந்துவிட்டான். அவனை விட்டுவிட்டு அந்தச் சாலையைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. ஆகவே நண்பர் கேட்ட கட்டுரை இது இல்லை. அவர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

சிங்கப்பூரின் வடக்கே மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சைக்கிளில் ஏறினால் அரைமணி நேரத்தில் நகரம் தீர்ந்துவிடும். கிராஞ்சி அணைமேல் போகும்போது இடது பக்கம் நீர்த்தேக்கம், வலது பக்கம் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர்க் கட்டடங்கள். அணையைத் தாண்டினால் சாலையின் இருபுறமும் கோரைப்புல், தேங்கிய நீர், கீரைப் பண்ணைகள், மீன் குட்டைகள். மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மழைநீர்க் கால்வாய்கள் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் சாலையை ஒட்டியே வரும். நான் இங்கே வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. கட்டடப் பராமரிப்புப் பொறியாளர் வேலை. வாரத்தில் ஆறு நாள் நிலவறைகளில், குளிர்சாதன இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில் போகும். ஞாயிறு காலை அந்தத் தட்டையான நிலத்தில் ஓட்டும் மூன்று மணி நேரம்தான் இந்த நாட்டில் என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமையோடு ஓராண்டு ஆகிறது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

2

தவமணியை முதலில் பார்த்தது நியோ தியூ சாலையில். என் பின்சக்கரம் பஞ்சராகி, கையில் இருந்த மாற்று டியூபும் கிழிந்து, ஓரமாக நின்றிருந்தேன். பழைய இரும்புச் சட்டம் போட்ட பந்தயச் சைக்கிளில் ஒருவன் வந்து நின்றான். ஒல்லியான ஆள். காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ.

"தமிழாண்ணே?"

"ஆமா."

"தள்ளுங்க, நான் பாக்குறேன்."

பத்து நிமிடத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டான். அறந்தாங்கிப் பக்கம். கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் வேலை. கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்தான். யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன சைக்கிளை வாங்கி, ஒவ்வொரு பாகமாகத் தேடி மாட்டியிருந்தான். ஊரில் மனைவியும் ஆறு வயதுப் பெண் குழந்தையும்.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் ஏறக்குறைய எல்லா ஞாயிறும் சேர்ந்து ஓட்டினோம். எதிர்காற்றில் ஒருவன் முன்னால் போக, மற்றவன் அவன் சக்கரத்தை ஒட்டியே வர வேண்டும். பின்னால் வருபவனுக்குக் காற்று அடிக்காது. ஆனால் சாலையும் தெரியாது. முன்னால் போகிறவனின் முதுகு மட்டும்தான் தெரியும். பள்ளம் வந்தால் முன்னால் போகிறவன் கைகாட்டுவான். வண்டி வந்தால் "வருது" என்பான். சாலை காலியாக இருந்தால் "வா" என்பான். பின்னால் வருபவன் அந்தச் சொல்லை நம்பி வர வேண்டும்.

சில ஞாயிறுகளில் அப்படியே தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போய்விடுவோம். அங்கே தோசையும் காப்பியும் சாப்பிடுவோம். அவனுடைய கூட்டாளிகள் சிராங்கூன் சாலையில் கூட்டமாக நிற்பார்கள். அவர்களிடம் என்னை "எங்கண்ணன்" என்று சொல்லி அறிமுகப்படுத்துவான். நானோ, என் அலுவலக நண்பர்கள் எதிரே வந்தால், "கூட சைக்கிள் ஓட்டுறவர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அந்த வித்தியாசம் அவனுக்குப் புரிந்திருக்கும். காட்டிக்கொண்டதில்லை.

என் மகள் யாழினியும் அவ்வப்போது வருவாள். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், தவமணியிடம் மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசுவாள், ஏனென்றால் அவனுக்கு அவளுடைய ஆங்கிலம் பிடிபடவில்லை. ஒருமுறை அவள், "அங்கிள், வாட்டர் பாட்டில் மறைச்சிட்டேன்" என்றாள்.

"எங்க மறைச்ச பாப்பா?"

"வீட்ல. டேபிள் மேல."

அவன் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது. "மறந்துட்டேன்னு சொல்லு பாப்பா. மறைச்சிட்டேன்னா தெரிஞ்சே ஒளிச்சு வச்சேன்னு ஆயிடும்."

"ஓ. சேம் சேம் லா, அங்கிள்."

"சேம் இல்ல பாப்பா. அது வேற, இது வேற."

3

அன்று யாழினி வரவில்லை. பரீட்சை இருந்தது.

என் கைப்பேசியில் ஒரு செயலி உண்டு. நாம் ஓட்டும் வேகத்தையும் நேரத்தையும் குறித்துவைத்து, போன தடவையைவிட எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்று சொல்லும். ஐம்பது வயது நெருங்குகிற ஆளுக்கு அது ஒரு போதை. அன்று காற்று முதுகில் அடித்தது. நியோ தியூ சாலை முழுக்க நான்தான் முன்னால் ஓட்டினேன். லிம் சூ காங் சாலையில் போய்ச் சேரும் சந்திப்பு வரும்போது என் மிகச் சிறந்த நேரத்தைவிட முன்னே இருந்தேன்.

அங்கே வலது பக்கம் திரும்ப வேண்டும். நின்று பார்த்துத்தான் திரும்ப வேண்டும். நான் நிற்கவில்லை. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். வலப்புறம் வெள்ளை வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. வேகமாக வந்தது. நான் தாண்டிவிடுவேன் என்று தெரிந்தது. தவமணி எனக்குச் சற்றுப் பின்னால் இருந்தான். அவனும் தாண்டிவிடுவான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வேகத்தைக் குறைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"வா" என்று கத்தினேன்.

நான் தாண்டிவிட்டேன். தாண்டும்போது வேன் ஓட்டுநரின் முகம் தெரியவில்லை, உச்சந்தலைதான் தெரிந்தது. மடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சத்தம் கேட்டது. தகரமும் கண்ணாடியும் சேர்ந்த சத்தம். பிரேக் பிடித்த சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தவமணி கால்வாய்க் கரைப் புல்லில் கிடந்தான். இடது தொடை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும், "அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான்.

4

அந்த நேரத்தில் எங்கள் குடும்பத்தின் குடியுரிமை விண்ணப்பம் போயிருந்தது. முதல் விண்ணப்பம் சில ஆண்டுகளுக்கு முன் காரணம் சொல்லாமல் மறுக்கப்பட்டது. இது இரண்டாவது. சான்றிதழ்கள், மொழிபெயர்ப்புகள், முதலாளியின் கடிதம், மகளின் பள்ளிக் கடிதம் என்று ஏழெட்டு மாதம் அலைந்து போட்டது. தபால்பெட்டியைத் தினமும் திறந்து பார்ப்பேன். கடிதமெல்லாம் இப்போது இணையத்தில்தான் வரும் என்று தெரிந்தும் பார்ப்பேன்.

விசாரணை அதிகாரி இளைஞர், மரியாதையானவர். என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். விபத்தில் என் பங்கு இருப்பதாக ஒரு தாளில் ஏறிவிட்டால் விண்ணப்பம் போய்விடும் என்று என் மனம் கணக்குப் போட்டது. அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை.

"நான் முன்னால் போய்விட்டேன். எதையும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்" என்றேன்.

"அவரிடம் ஏதாவது சொன்னீர்களா?"

"இல்லை."

இது ஒரு பொய் இல்லை, இரண்டு. வேன் ஓட்டுநர் சாலையைப் பார்க்கவே இல்லை என்பதைச் சொல்ல உலகத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். ஆனால் அதைச் சொன்னால் வேன் வருவதைப் பார்த்தேன் என்று ஆகும். பார்த்தும் "வா" என்றேன் என்று ஆகும். ஒன்றை மூட இரண்டையும் மூடினேன்.

என் சைக்கிளின் முன்விளக்கில் சிறிய கேமரா ஒன்று இருந்தது. என் பிறந்தநாளுக்கு யாழினி பகுதிநேர வேலை பார்த்து வாங்கிக்கொடுத்தது. சந்திப்பில் திரும்பும்போது என் விளக்கும் வலப்புறம் திரும்பியது. வேன் அதில் பதிவாகியிருந்தது. என் குரலும். அன்று மாலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். பிறகு அழித்தேன்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரூர் புறவழிச்சாலையில் ஒரு லாரி யாரோ ஒரு பால்காரரை அடித்துவிட்டுப் போனபோது அப்பா அந்த வழியாக வந்தார். வண்டி எண்ணைக் குறித்துக்கொடுத்தார். அதற்காகப் பதினோரு வாய்தாவுக்கு அலைந்தார். ஒவ்வொரு முறையும் விடுப்பு. அம்மா திட்டுவார். லாரிக்காரர்கள் வீடுவரை வந்து பேசினார்கள். அப்பா தைரியசாலி எல்லாம் இல்லை. வந்தவர்களுக்கு அவரே அவசர அவசரமாக நாற்காலி எடுத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பன்னிரண்டாம் வாய்தாவுக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று கல்லூரி நாட்களில் நான் அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

5

தவமணிக்குத் தொடையில் உலோகத் தகடு வைத்தார்கள். முட்டி சரியாக மடங்காது என்றார்கள். சாரம் ஏறுகிறவனுக்கு முட்டி மடங்காவிட்டால் எல்லாம் முடிந்தது. விபத்து விடுமுறை நாளில், சாலையில் நடந்தது. வேலையில் அடிபட்டதாக ஆகாது என்று அவன் கம்பெனி சொல்லிவிட்டது. தவமணி திடீரென்று குறுக்கே வந்தான் என்று வேன் ஓட்டுநர் எழுதிக்கொடுத்திருந்தான். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை.

தொழிலாளர்களுக்கு உதவும் குழு ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் எனக்குப் போன் செய்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை.

"சார், நீங்க கூட ஓட்டிட்டுப் போனீங்கதானே? அந்த வேனைப் பத்தி ஏதாச்சும் பாத்திருந்தா சொல்லுங்க. ஒரு விட்னஸ் இருந்தாப் போதும், லாயர்கிட்ட பேசலாம். தவமணிக்குப் பெரிய ஹெல்ப் லா."

"நான் முன்னாடி போயிட்டேன்மா."

"ஒண்ணுமே பாக்கலையா?"

"இல்லம்மா."

"சரி சார். தேங்க்ஸ். நீங்க அடிக்கடி ஹாஸ்பிட்டல் வர்றீங்கன்னு சொன்னாரு. நல்ல மனசு உங்களுக்கு."

ஆமாம், போனேன். வாரம் இருமுறை போனேன். பழம் வாங்கிப் போனேன். ஊருக்கு வீடியோ அழைப்பில் அவன் மனைவியிடம் பேசி தைரியம் சொன்னேன். அவர் என்னைக் கும்பிட்டார். திரையில் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நானும் கும்பிட்டேன்.

தவமணியின் வேலை அனுமதி ரத்தானது. விமான நிலையத்துக்கு நான்தான் அழைத்துப்போனேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சைக்கிளைப் பற்றித்தான் பேசினான். பின்சக்கரம் போனாலும் சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, யாராவது புதுப்பையனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றான். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிக் கையாட்டினான். அப்போது சொல்லியிருக்கலாம். கண்ணாடிக் கதவு மூடுவதற்கு முன் ஒரு நிமிடம் முழுசாக இருந்தது.

6

புலம்பெயர்ந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் பிள்ளைகள் விலகிப்போவது தவறாமல் வரும். பள்ளிக்கூடம் மாற்றியது, மொழி மாற்றியது, இந்த ஊர் மாற்றியது என்று எழுதுவோம். நானும் முன்பு அப்படி எழுதியவன்தான். என் மகள் விலகியதற்கு இந்த ஊர் காரணம் இல்லை.

விபத்து நடந்து மூன்றாம் நாள் அவள் என்னிடம் கேட்டாள். "அப்பா, கேமரால வீடியோ இருக்கும்ல? போலீஸ்கிட்ட குடுத்தீங்களா?"

"பேட்டரி இல்லம்மா. சார்ஜ் போட மறந்துட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "முந்தின நாள் நான்தான் சார்ஜ் போட்டேன். ஃபுல்லா இருந்துச்சு."

நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"மறந்துட்டீங்களாப்பா," என்றாள், "இல்ல, மறைச்சிட்டீங்களா?"

அந்த இரண்டு சொல்லையும் அவள் பிழையில்லாமல் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. என் மனைவி உமா, "என்னடி அப்பாவைப் போயி" என்று அதட்டினாள். யாழினி எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு ஓட்ட வரவில்லை. வீட்டில் எனக்கு வரும் பதில்கள் எல்லாம் ஓகே, கேன், நோ நீட் என்று ஓரிரு ஆங்கிலச் சொற்களாகச் சுருங்கிவிட்டன. உமாவிடம் எல்லாவற்றையும் ஒருநாள் சொன்னேன். "இப்ப வெளிய சொல்லாதீங்க. பிள்ளை படிப்பு இருக்கு" என்றாள். அவள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நான் கேட்க விரும்பியதைத்தான் அவள் சொன்னாள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பழைய கடவுச்சீட்டை ஒப்படைக்கும் கவுண்டரில் அதன் மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் புதுக் குடிமக்களுக்கான விழா நடந்தது. எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி சொன்னோம். பக்கத்தில் யாழினி நின்றாள். அவள் உதடு அசையவில்லை. ஒரு பையில் கொடியும் புத்தகமும் கொடுத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் என் கையைக் குலுக்கி, எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். எண்ணிக்கை நினைவுக்கு வராமல் விழித்தேன்.

இடையில் இரண்டு முறை அந்தச் சாலைக்குப் போனேன். சந்திப்புக்கு முன்னாலேயே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன். இப்போது ஓட்டுவதில்லை.

7

போன ஞாயிறு மதியம் தவமணிக்குப் போன் செய்தேன். மாதம் ஒருமுறை பேசுவதுதான். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறான். நின்று வேலை செய்ய முடியாது, உட்கார்ந்தால் காலை நீட்டிக்கொள்ள வேண்டும், கடைக்காரர் அதற்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார் என்று முன்பே சொல்லியிருந்தான்.

"சொல்லுங்கண்ணே. சாப்டாச்சா?"

"தவமணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கு நான் வான்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் இயந்திரம் தாள் தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"வான்னா சொன்னீங்க?"

"ஆமா."

"வராதன்னு சொல்லலையா?"

"இல்ல. வான்னுதான் சொன்னேன்."

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? வேன் வர்றது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

தெரியவில்லை என்று சொல்லப் போதுமான நேரம் இருந்தது. நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்துவிட்டது.

"தெரிஞ்சுது" என்றேன்.

யாரோ வந்து ரேஷன் கார்டைப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். "ரெண்டு பக்கமுமா?" என்று அவன் கேட்டான். எடுத்துக் கொடுத்தான். பிறகு போனைக் காதில் வைத்தான்.

"நான் ஒரு வருசமா என்ன நெனச்சுக்கிட்டு இருக்கேன் தெரியுமாண்ணே? நீங்க வராதன்னு கத்தியிருக்கீங்க, காத்துல எனக்கு வான்னு கேட்டிருக்கு. அப்படித்தான் நெனச்சேன். அதனாலதான் போலீஸ்ல கேட்டப்பகூட, அண்ணன் முன்னாடி போயிட்டாரு, ஒண்ணும் சொல்லலன்னுட்டேன். உங்க சிட்டிசன் பேப்பர் வேற போயிருந்துச்சு. எதுக்கு உங்களை இழுத்துக்கிட்டுன்னு."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எம் பொண்டாட்டி தெனம் கேப்பாண்ணே. ஒரு சொல்ல ஒழுங்கா காதுல வாங்க மாட்டியா, அதனாலதான நம்ம குடும்பம் இப்படிக் கெடக்குன்னு. நானும் ஆமா, என் தப்புதான்னு தலையக் குனிஞ்சுக்குவேன்."

"தவமணி, நான் இப்பப் போயி போலீஸ்ல…"

"இல்லண்ணே. நீங்க எதுவும் பண்ண வேணாம்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நான் வீட்டுக்குப் போயி அவகிட்ட சொல்லணும். அது போதும். வச்சிர்றேன்."

வைத்துவிட்டான். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. இதை எழுதும் இன்றுவரை எடுக்கவில்லை.

கூடத்தில் யாழினி நின்றுகொண்டிருந்தாள். எப்போது அறையைவிட்டு வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

"போலீஸ்ல சொல்லப் போறீங்களாப்பா?" என்று தமிழில் கேட்டாள்.

"அவனே வேணாங்கிறான்மா. இப்பச் சொல்லி என்ன…"

அவள் கையை நீட்டினாள். "அங்கிள் நம்பர் குடுங்க."

கொடுத்தேன். தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் அவள் குரல் கேட்டது. அவளுக்கு அவன் எடுத்துவிட்டான். "அங்கிள், நான் யாழினி" என்றாள். அப்புறம் நீண்ட நேரம், வார்த்தை கிடைக்காமல் நின்று, தேடி, மறுபடி தொடங்கி, தமிழில் பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் அழுதாள். என்ன சொன்னாள் என்று கேட்கும் தூரத்தில்தான் நான் இருந்தேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.